மத்தேஸ் ஆஜர்

விளக்கைத் தணித்துவிட்டு நெருங்கி உட்காருங்கள். யாரும் கதவுப் பக்கம் பார்க்க வேண்டாம். இது என் அத்தை வீட்டுக்காரர் வாயால் நான் கேட்டது.

டிசம்பர் மாதம். இரவு ஏழு மணி இருக்கும். சைலீசியாச் சீமையில் பகலெல்லாம் ஆஸ்திரியாக்காரர்களோடு சண்டை. துப்பாக்கிப் புகை அடங்கியதும் பனி கொட்டத் தொடங்கியது. களத்திலிருந்து முகாமுக்கு ஒற்றை வண்டித்தடம்... அதில் வென்செல் தனியாக வந்துகொண்டிருந்தான். பிரஷ்யப் படையில் சாதாரணச் சிப்பாய்.

பின்னால் ஒரு பள்ளத்தில் அவன் கூட்டாளி மத்தேஸ் கிடந்தான். வயிற்றில் குண்டு.

"வென்செல்... விட்டுட்டுப் போயிடாதடா" என்று கிளம்பும்போது கெஞ்சியிருந்தான்.

"ஆள் கூட்டிட்டு வரேன் மாப்ளே. எருமை மாதிரி இருக்கே, ஒருத்தனா தூக்க முடியுமா?"

மனதாரத்தான் சொன்னான்.

சண்டை முடிந்ததும் அந்தப் படையில் பேர் கூப்பிடுவார்கள். பதில் வராத பேருக்கு நாலு பேர் லாந்தரோடு தேடிப் போவார்கள். பதில் வந்த பேருக்கு ஒரு குவளை பிராந்தி, ஒரு துண்டு ரொட்டி. கூட்டாளியின் பங்கை ஒருவனே வாங்கிக்கொள்வதும் உண்டு.

முகாமுக்கு வந்து வரிசையில் நின்ற வென்செலுக்கு இரண்டு நாள் பட்டினி. விரல்கள் மரத்துவிட்டன. பிராந்தி வாசனை மூக்கில் ஏறியது.

"மத்தேஸ்!" என்றார் சார்ஜன்ட் கிரெல். இருட்டில் யார் முகமும் தெரியவில்லை.

இந்நேரம் செத்திருப்பான்... செத்தவனுக்கு எதற்கு ரொட்டி? வென்செல் குரலை மாற்றிக்கொண்டு, "ஆஜர்!" என்றான்.

இரண்டு குவளையையும் குடித்தான். யாரும் தேடிப் போகவில்லை.

நடுச்சாமம். கூடாரத்துக்கு வெளியே... நறுக். துப்பாக்கியில் மருந்து போடுமுன் தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிப்பார்களே, அந்தச் சத்தம். த்தூ... துப்பும் சத்தம். மறுபடி நறுக். த்தூ. வெடிமருந்து நெடி வந்தது, கூடவே ரத்த வாடை. விடியும்வரை அந்தச் சத்தம் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

காலையில் உண்மையைச் சொல்லிவிடுவது, சவுக்கடியில் முதுகுத்தோல் உரிந்தாலும் சரி என்று முடிவு செய்துகொண்டுதான் வரிசையில் நின்றான். கடும் குளிர். எல்லோர் வாயிலும் ஆவி பறந்தது. வலப்பக்கம், மத்தேஸ் நிற்கும் இடத்தில், யாரோ வந்து நின்றார்கள். அங்கிருந்து மட்டும் ஆவி வரவில்லை. வென்செல் திரும்பவே இல்லை.

"மத்தேஸ்!"

"ஆஜர்." வலப்பக்கத்திலிருந்துதான்... நிதானமான குரல்.

"வென்செல்!"

"ஆஜர்!"

சார்ஜன்ட் நிமிர்ந்து பார்த்தார். "வென்செல்! எங்கய்யா தொலைஞ்சான்?"

"ஆஜர்! இங்கதான் இருக்கேன் ஐயா! ஆஜர்!" தொண்டை கிழியக் கத்தினான். அவன் வாயிலிருந்து ஆவி வரவில்லை. இப்போது வலப்பக்கத்திலிருந்து வெள்ளையாக, அடர்த்தியாக வந்துகொண்டிருந்தது.

நாலு பேர் தேடிப் போனார்கள். மத்தேஸ் கிடந்த அதே பள்ளத்தில் வென்செல் விறைத்துக் கிடந்தான். வயிற்றில் குண்டு. செத்து ஒரு ராத்திரி ஆகியிருந்தது. வாயில் மட்டும் பிராந்தி வாசனை.

மத்தேஸ் நல்லபடியாக ஊர் திரும்பினார். என் அத்தையைக் கட்டிக்கொண்டார். அவர் வயிற்றில் ஒரு தழும்புகூடக் கிடையாது என்பாள் அத்தை.

வருஷாவருஷம் முதல் பனி விழும் ராத்திரி, அவர்கள் வீட்டு முற்றத்தில் யாரோ தொண்டை கிழியக் கத்துவார்களாம். ஆஜர்... ஆஜர்... பாவம், யாரென்று பார்க்கலாம் என்று அத்தை எழுந்தால் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்.

"ரெண்டு பங்கு குடிச்சவன். கத்தட்டும்."