பிரிக்க முடியாத இரண்டு எஸ்எஸ்டி

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் தூங்கலாம் என்றிருந்தேன். முன் சீட்டில் இருந்த, ஒரே அறையில் தங்கும் தென்காசிக்காரரும் சென்னைக்காரரும் விடவில்லை.

“கல்யாணத்துக்கு அப்புறம் இருக்கக் குன்றத்தூர்ல வீடு பாத்துட்டேன்ல. நம்ம கம்ப்யூட்டர்ல நான் வாங்கிப் போட்ட எஸ்எஸ்டி டிஸ்க்க மட்டும் கழட்டிக் குடு,” என்றார் தென்காசிக்காரர்.

“முடியாது மச்சான். உன் டிஸ்க், என் டிஸ்க் ரெண்டையும் ரெய்டுன்னு ஒரு செட்டிங் போட்டு ஒரே டிஸ்க்கா சேத்துட்டேன். ஒண்ண எடுத்தா ரெண்டுல கீறதும் பூடும்.”

“எதுக்குல சேத்த?”

“கேம் சீக்கிரம் லோடாவும்னு.”

“ஆச்சா?”

“எங்க? நம்ம அசெம்ப்ளி லைன் மாதிரிதான். போல்ட் போட ரெண்டு பேர் நின்னாலும் அடுத்த ஸ்டேஷன்ல ஒருத்தன்தானே கீறான்.”

“அப்பமே பிரிச்சிருக்கலாம்லா?”

“நீ ரூம வுட்டுப் போவேன்னு யாரு கண்டா?”

கம்பெனி கேட்டில் இறங்கும்போது தென்காசிக்காரர் சொன்னார்:

“கழட்டாத. ஞாயித்துக்கெழம கேம் ஆட வருவேம்லா.”