ஏழு மரச் சிலுவைகள்

தாயம் ஆடுவது எனக்கு நன்றாக வரும். ஆனால் வயதானவர்களோடு ஆடும்போது தோற்கத் தெரிந்திருக்க வேண்டும், ஐயா. அது எனக்கு இன்னும் நன்றாக வரும்.

திருச்சியில் அந்த முதியோர் இல்லத்துக்கு நான் வார்டனாக வந்தது 1958இல். கஞ்சி, மருந்து, கட்டில் எதற்கும் குறையில்லை. ஆனாலும் அங்கிருந்த ஏழு பேர் கண்ணும் வாசல் கேட்டின் மேலேயே இருக்கும். அதில் பேட்ரிசியா அம்மாள்தான் மோசம். மகன் கிளமென்ட் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மாதத்தின் முதல் ஞாயிறு பன்னும் வாழைப்பழமுமாகச் சைக்கிளில் வருவான், அரை மணி நேரம் அம்மாவின் காலை அமுக்கிவிடுவான், ஷிப்டுக்கு ஓடுவான். அவன் போனபிறகு மூன்று நாள் அம்மாளுக்குச் சோறு இறங்காது. நான்காம் நாளே அடுத்த மாத ஞாயிறை எண்ணத் தொடங்கிவிடுவார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

இந்தக் காத்திருப்புதான் நோய் என்று தெரிந்தபிறகு சும்மா இருக்க முடியுமா? அம்மாளிடம், "உங்க பையனுக்கு அஸ்ஸாம் பக்கம் மாத்தல் ஆயிடுச்சுங்க, லீவு கிடைக்காதாம்" என்றேன். கிளமென்ட்டிடம், அம்மாவுக்கு வாந்திபேதி கண்டது, சொல்லியனுப்பக்கூட நேரமில்லாமல் அடக்கம் செய்துவிட்டோம் என்றேன். கல்லறைத் தோட்டத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு மேட்டின்மேல், அம்மாள் பெயரெழுதிய மரச் சிலுவையை நட்டும் வைத்தேன். அவன் அங்கே விழுந்து அழுதான். நான்தான் சோடா உடைத்துக் கொடுத்தேன்.

அம்மாள் ஒரு மாதம் அழுதார். இரண்டாம் மாதம் தாயக்கட்டையை உருட்டினார். மூன்றாம் மாதம் என் காயை வெட்டிவிட்டு, "போடா தைரியராஜு, நீயெல்லாம் ஒரு ஆளா?" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என்னைப் பெற்றவள்கூட என்னை இப்படிச் செல்லமாகத் திட்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தில் மற்ற ஆறு பேருக்கும் அதையே செய்தேன். மூன்று வருஷம், பாட்டும் கேலியுமாக இல்லம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

என் பிழை ஒன்றே ஒன்றுதான். வெளியே போனால் குஷியாக இருப்பார்கள் என்று, போன கல்லறைத் திருநாளன்று, கேட்பாரற்ற கல்லறைகளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற அவர்களைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். மூன்று வருஷத்துக்குப் பிறகும் எந்தப் பிள்ளை வரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

கிளமென்ட் மண்டியிட்டு, சிலுவைக்குச் சாமந்தி மாலை போட்டுக்கொண்டிருந்தான். முதுகைப் பார்த்தே அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

"கிளமென்ட்டு, அஸ்ஸாம்லேருந்து எப்படா வந்தே?"

அடுத்தடுத்த மேடுகளிலும் அதே கதைதான். மகன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போன அம்மாள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவசரத்தில் மறந்திருப்பார்.

இந்தச் சிறையில் ஞாயிறுதோறும் ஆட்கள் வந்து பார்க்கலாம். நான் விடிந்ததும் தலைவாரி, கேட்டைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். ஏழு பேரில் ஒருவர்கூட இதுவரை வரவில்லை. அவர்களுக்கு என்மேல் உயிர், ஐயா. நான் செத்துப்போனதாக யாரோ அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.