செருப்பைக் கழட்டச் சொன்ன டீச்சர்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். சின்னவர் சத்தமாகவே சொன்னார்:

"நேத்து எட்டாங் கிளாஸ் மொத்தத்தையும் செருப்பைக் கழட்டச் சொல்லிட்டேன்க்கா."

"இன்னாத்துக்கும்மா?"

"பரப்பளவு பாடம். எல்லாரும் அவங்கவங்க பாதத்தை அட்டையில வரைஞ்சாங்க. அதுல ஒண்ணை வெட்டிக் குடுத்து, ஒரு சார்ட்ல எத்தனை வரையலாம், பாருங்கன்னேன். வரிசையா வரைஞ்சு பதினெட்டோட நின்னுட்டாங்க. நானும் அவ்ளோதான்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"வருஷம் பூரா வாயே தொறக்காத ஒரு பொண்ணு எழுந்து வந்தா. ஒண்ணு நேரா, ஒண்ணு தலைகீழான்னு மாத்தி மாத்தி வெச்சு, இன்னும் மூணு போட்டுட்டா. அவ அம்மா ஷூ கம்பெனியில தோல் வெட்றாங்களாம். அங்க இப்படித்தான் வெப்பாங்களாம், துண்டு வீணாகக் கூடாதுன்னு."

"என் கிளாஸ்ல பாதி தூங்குது. நீ இன்னா பண்ணே?"

"சாக்பீஸை அவகிட்ட குடுத்துட்டு, அவ பெஞ்சுல போய் உக்காந்துட்டேன்."

"அந்த நேரம் பாத்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆபீசர் வந்திருந்தா?"

"வரட்டுமேக்கா. அவரையும் அவ செருப்பைக் கழட்டச் சொல்லியிருப்பா."