ஈரம் துடைத்த கல்

உலைச் சுவர்களுக்கான செங்கல் செய்யும் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் நான், வயது முப்பத்தாறு, தொழிற்சாலைக்குப் பின்தெருவில் மாடி வீட்டில் கணவருடனும் கொழுந்தனுடனும் குடியிருக்கிறேன். என்னைப் ‘பவுடரக்கா’ என்று சொன்னால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். காவல் நிலையத்தில் கேட்டதற்குப் பதிலாகச் சொல்வதாவது:

செங்கல்லின் அடர்த்தியை அளப்பது என் வேலை. கல்லில் ஒரு துண்டை வெட்டி, தூசி தட்டி, அடுப்பில் காயவைத்து எடை போடுவேன். அதன் பிறகு கண்ணாடிக் குழாயில் உலர்ந்த நுண்பொடியை மட்டும் போட்டு இயந்திரத்தால் அழுத்தி அளவெடுத்து, அடுத்து அதே பொடிக்குள் கல்லைப் புதைத்து மறுபடி அழுத்தி அளவெடுப்பேன். கூடுகிற அளவுதான் கல்லின் கன அளவு. கல் ஈரமாக இருந்தால் பொடி அப்பிக்கொள்ளும், தண்ணீரின் எடையும் கல்லின் எடையாகக் கணக்கில் ஏறும்.

சென்ற மாதம் ஒரு சூளையில் சுட்ட கல் முழுதும் சரியாக வேகவில்லை. எத்தனை துண்டு எடுத்தாலும் அடர்த்தி குறைவாகவே வந்தது. மேலாளரிடம் சொன்னேன். அவர் ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தன் கைக்குட்டையால் மேலே மட்டும் துடைத்து, “இத வச்சு அள” என்றார். “ஈரத்தோட அளந்தா அது கல்லோட கணக்கு இல்ல சார்” என்றேன். “உனக்கெதுக்கும்மா அந்தக் கவலை, தள்ளு” என்று அவரே எடை போட்டு, பொடியில் புதைத்து அளந்தார். அடர்த்தி கூடிக் காட்டியது. அன்று மாலையே பாதிக் கல் லாரி ஏறியது.

அந்தக் கல் என் கொழுந்தன் வேலை செய்யும் கண்ணாடி ஆலைக்குப் போனது என்று அப்போது எனக்குத் தெரியாது. நேற்று முன்தினம் அந்தக் கல்லால் கட்டிய உலைச் சுவர் பொரிந்து விழுந்து, உருகிய கண்ணாடி அவன் வலது காலில் வழிந்தது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், “அண்ணி, அம்மாகிட்ட வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடுங்க” என்றான். கட்டுக்குக் கீழே பாதம் இருந்ததா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன் பிறகு நேற்றுக் காலை வேலைக்குப் போனபோது, அதே சூளையின் மீதிக் கல்லை வேறொரு ஆலையின் உலைக்கு அனுப்ப லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலாளரிடம் போய் நிறுத்தச் சொன்னேன். “உன் கொழுந்தன் பராக்கு பாத்துட்டு நின்னா கல் என்ன பண்ணும்?” என்றார். ஏற்றியதை இறக்கச் சொல்லி, சுமைக்காரர்கள் இறக்கியதும் கிடங்கைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சோதனைக்கூடத்துக்கு வந்துவிட்டேன். மேலாளர் அங்கே வந்து சாவியைக் கேட்டு என் கையை முறுக்கினார். மேசையில் இருந்த பொடியை அள்ளி அவர் முகத்தில் வீசினேன். அவர் கொடுத்த புகாரில் இருக்கும் அது உண்மைதான். அது காய்ந்த பொடி, தட்டினால் உதிர்ந்துவிடும்.

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாக மேலாளர் சொல்வதாகக் காவல் அதிகாரி தெரிவித்தார். எழுத மாட்டேன். கிடங்குக்கு அதிகாரி முத்திரை வைத்ததை நேரில் பார்த்த பிறகே சாவியைக் கொடுத்தேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். ‘ஆத்திரத்தில் அறிவிழந்து பூட்டினேன்’ என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன். ஆத்திரம் உண்டு. அறிவோடுதான் பூட்டினேன். மற்ற யாவும் நான் சொன்னபடியே உள்ளன, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)