‘அவ்வளவுதானே’ என்பாரை அயரவைத்த அம்மையாருக்கு

காப்புரிமை அலுவலகத்தின் முதுநிலை ஆய்வாளராய் முத்திரை பதித்து, இன்று பணி நிறைவு காணும் அம்மையீர்! புத்தம் புதியது எது, புதுச்சட்டை போட்ட பழையது எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லாமல், பார்த்துப் பார்த்துச் சொன்ன பண்பாளரே! தேநீரை ஆறவிட்டாலும் தீர்ப்பை அரைகுறையாய் விடாத திண்ணியரே! வணங்குகிறோம்.

எங்கள் அறிக்கைகளில் ‘தானே’ என்ற சொல் தலைகாட்டினால் தங்கள் சிவப்புப் பேனா சீறி வரும். “கண்டுபிடிப்பைப் பாத்த பிறகு எல்லாரும் புத்திசாலிதான். பாக்கறதுக்கு முன்னாடி தோணுச்சான்னு சொல்லுங்க” என்பீர்கள். எங்களுக்கு எரிச்சல் வரும். ஆனாலும் திருத்தி எழுதுவோம்.

படுத்த படுக்கையாய்க் கிடப்போருக்காக, ஈரம் உறிஞ்சும் பஞ்சுப் பேடு ஒன்றைச் சிறு பட்டறை நடத்தும் அக்காளும் தங்கையும் வடிவமைத்தார்கள். நடுவில் பஞ்சைக் குறைத்து, ஈரம் ஓரங்களுக்குப் பரவச் செய்தார்கள். இது தொழில் தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதே, ஆகவே காப்புரிமை கூடாது என்று எதிர்த்தது ஒரு பெருநிறுவனம். அது வென்றால் மறுநாளே அதே பேடு அவர்கள் ஆலையில் மலைமலையாய்க் குவியும், பட்டறைக்குப் பூட்டுதான்.

“நடுவுல கொஞ்சம் பஞ்சைக் குறைச்சிருக்காங்க, அவ்வளவுதானே மேடம்?” என்றார் நிறுவனத்தின் வழக்கறிஞர். விசாரணை அறையே தலையாட்டியது, தாங்கள் ஆட்டவில்லை. பழைய வடிவங்கள் அத்தனையையும் மேசைமீது பரப்பினீர்கள். ஒவ்வொன்றிலும் நடுப்பகுதியே தடித்திருந்தது.

“ஈரம் விழற இடத்துல பஞ்சைக் கூட்டத்தான் எல்லாருக்கும் தோணியிருக்கு. நீங்களும் இத்தனை வருஷமா கூட்டிக்கிட்டுத்தானே வந்தீங்க?”

தங்கள் வாயிலிருந்து நாங்கள் கேட்ட ஒரே ‘தானே’ அதுதான்! வழக்கறிஞர் தண்ணீர் குடித்தார். எதிர்ப்பு தள்ளுபடியானது. சகோதரிகள் இருவரும் வாசலில் நின்று வாய்விட்டு அழுததை நாங்கள் மறக்கவில்லை.

நிறுவனம் விடவில்லை, மேல்முறையீடு அடுத்த வாரம் வருகிறது. தாங்கள் இல்லாத நேரத்தில் தீர்ப்பைக் கவிழ்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். போடட்டும்! தாங்கள் எழுதிய ஒவ்வொரு காரணத்தையும் எழுந்து நின்று எடுத்துரைப்போம், ஓரடியும் பின்வாங்கோம்.

முழங்கால் வலி முற்றும் நீங்கி, நோயின்றி, நிறைவோடு நெடுங்காலம் வாழ்க! விசாரணையன்று பார்வையாளர் வரிசையில் வந்து அமருங்கள். எங்கள் குரல் தடுமாறினால் தாங்கள் வழக்கம்போல் கனைத்து எச்சரிக்க வேண்டாம்.

தடுமாறாது.

தங்கள் கண்டிப்பில் வளர்ந்த,
இரண்டாம் தளத்து ஆய்வாளர்களும் அலுவலகத்தாரும்