சுவிச்சை நிப்பாட்டாதேங்கோ அண்ணை

கோணேசன்: ...நான் ஒண்டையும் நோண்டேல்லை றஜனி! ராத்திரி வடிவாப் பாடிக்கொண்டு இருந்த சேர்வர். இப்ப வேலையால வந்து பாக்கிறன், பாட்டெல்லாத்தையும் காணேல்லை எண்டு சிவப்பெழுத்தில நிக்குது.

றஜனி: அண்ணை, இந்த ரெண்டு கிழமையில இது ஒன்பதாவது போன் கோல். ரண்டர்ஸில இருக்கிற தங்கச்சிக்கும் ஒரு வீடு, ஒரு அடுப்பு இருக்குது, தெரியுமே?

கோணேசன்: அடுப்பை நிப்பாட்டு. இது அவசரம்.

றஜனி: பழைய பாட்டுக் கேக்கிறதில என்ன அவசரம்? யூடியூப்பில போட்டுக் கேளுங்கோவன்.

கோணேசன்: அதில பாட்டுக்கு நடுவில பற்பசை விளம்பரம் வருது. எனக்கு வீட்டுக் கொம்பியூட்டரில கிடக்கிற பாட்டை, இந்தச் சேர்வர் இன்ரநெற்றில அனுப்ப, வேலைக்குப் போகேக்க காரில கேக்கோணும். அவ்வளவுதான்.

றஜனி: அப்ப உங்கட ஃபக்டரியில வேலை செய்யிற சிந்துஜனைக் கேளுங்கோ. கிரின்ஸ்டெட்டில உங்களுக்கு ரெண்டு வீடு தள்ளித்தானே இருக்கிறான். கொம்பியூட்டரே படிச்சவன்.

கோணேசன்: அவனுக்குச் சொன்னா விபோர்க்கில இருக்கிற சனம் வரைக்கும் கதை போயிடும். நீயே சொல்லு... என்ன செய்ய?

றஜனி: பொறுங்கோ... ம்ம்... ம்ம்... பாட்டுக் கிடக்கிற அந்தச் சின்ன டிஸ்க் இருக்கெல்லே, அதின்ர வயரைக் கழட்டித் திருப்பிப் பூட்டுங்கோ.

கோணேசன்: பூட்டியாச்சு.

றஜனி: பொறுங்கோ... இப்ப, ஸ்கான் எண்டு ஒண்டு இருக்கும். அதை அமத்துங்கோ.

கோணேசன்: அமத்தினா சுத்துது... சுத்துது... எடியே, மைக்ரோவேவில மணி வைக்கத் தெரியாத நீ இதெல்லாம் எங்க படிச்சனி?

றஜனி: நான் படிப்பன். உங்களுக்கென்ன?

கோணேசன்: சரி, 'பொறுங்கோ, பொறுங்கோ' எண்டிட்டு எங்க போறனி?

றஜனி: கறி கிளறப் போறன்.

கோணேசன்: அடுப்பை நிப்பாட்டச் சொன்னனானெல்லே?

றஜனி: நீங்கள் சொன்னா நான் நிப்பாட்டுறதோ? மற்றவையின்ர எதையும் நிப்பாட்டித்தான் உங்களுக்குப் பழக்கம்.

கோணேசன்: ...அதென்ன கதை?

றஜனி: ஒண்டுமில்லை. வாயில வந்திட்டுது. போன மாசம் மிளகாய்த்தூள் கொண்டு இவ்வளவு தூரம் வந்த மனிசன், வாசலில பையை வைச்சிட்டுக் கள்ளன்மாதிரி ஓடிப்போனனீங்கள். அந்தக் கோவம் இன்னும் கிடக்குது எனக்கு. ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கேல்லை.

கோணேசன்: எனக்கு வேலை இருந்தது.

றஜனி: ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை? சரி, சுத்தி முடிஞ்சுதோ?

கோணேசன்: முப்பது வீதம்... பின்னால ஆர் சிரிக்கிறது?

றஜனி: ரீவி.

கோணேசன்: ம்ம்.

றஜனி: அண்ணை, ஒரு கேள்வி. சரியா வேலை செய்யுதோ எண்டு பாக்கச் சொல்லி எனக்கு ஒரு லிங்க் அனுப்பினனீங்களெல்லே? அது காலமை அஞ்சே முக்காலுக்குச் செத்துப்போகுது. பின்னேரம் நாலரைக்குப் பிறகுதான் உயிர் வருது. ஒவ்வொரு நாளும். சனி ஞாயிறு மட்டும் ஒரு பிரச்சினையும் இல்லை. அதேன்?

கோணேசன்: காலமை அஞ்சே முக்காலுக்கு எழும்பிப் பாட்டுக் கேக்கிறியோ நீ?

றஜனி: கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ. வேலைக்குப் போகேக்க என்னென்ன செய்யிறனீங்கள்? ஒண்டொண்டாச் சொல்லுங்கோ.

கோணேசன்: என்ன செய்யிறது... தேத்தண்ணி குடிப்பன். சாமி விளக்கை நூர்ப்பன். கேத்தில், ரீவி, கொம்பியூட்டர்... சுவரில எல்லாச் சுவிச்சையும் நிப்பாட்டுவன். கதவைப் பூட்டுவன்...

றஜனி: ஐயோ கடவுளே!

கோணேசன்: என்னடி?

றஜனி: சுவரில சுவிச்சை நிப்பாட்டினா சேர்வர் எப்பிடி அண்ணை பாடும்? காத்திலயோ?

கோணேசன்: உன்ர அண்ணியும் வேலைக்குப் போனாப் பிறகு ஆள் இல்லாத வீட்டில சுவிச்சைப் போட்டிட்டுப் போறதோ? வீடு எரிஞ்சா ஆர் பதில் சொல்றது? முப்பது வருஷமா இந்த நாட்டில ஒரு நாள் நான் அப்பிடிப் போனதில்லை.

றஜனி: ஃபிரிஜ்ஜையும் நிப்பாட்டுறனீங்களோ?

கோணேசன்: அதுக்குள்ள மீன் இருக்குது.

றஜனி: இதுக்குள்ள பாட்டு இருக்குது!

கோணேசன்: கத்தாதை. காது அடைக்குது.

றஜனி: கத்தாம? ரெண்டு கிழமையா டிஸ்க்கைக் கழட்டு, வயரைப் பூட்டு, றவுட்டரைத் திருப்பிப் போடு எண்டு... கடைசியில சுவிச்சு! அங்க என்ன சத்தம்?

கோணேசன்: மேசை லாச்சியில ஒண்டு தேடுறன். நீ கதை.

றஜனி: பொறுங்கோ... காரில கேக்கத்தானே சேர்வர் எண்டனீங்கள். சுவிச்சை நிப்பாட்டிப்போட்டுக் காரில ஏறினா, காரில என்னத்தைக் கேட்டனீங்கள்?

கோணேசன்: பொறு, கத்தரிக்கோலைக் காணேல்லை இஞ்ச.

றஜனி: அண்ணை? ஒரு நாளாவது கேட்டனீங்களோ?

கோணேசன்: ...ரேடியோ கேட்டனான்.

றஜனி: அப்ப இது ஆருக்கு?

கோணேசன்: நூறு வீதம் வந்திட்டுது. பாட்டெல்லாம் நிக்குது. வை போனை.

றஜனி: வைக்கமாட்டன். நானூற்றிப் பதினாலு பாட்டு. ஒண்டுகூடப் பழைய பாட்டில்லை அண்ணை. எல்லாம் தாரகன் செய்தது. உங்கட மகன், உங்கட வீட்டில, அறையைப் பூட்டிக்கொண்டு இருந்து செய்த பாட்டு.

கோணேசன்: ...அவன்ர கொம்பியூட்டர்தானே. விட்டிட்டுப் போட்டான்.

றஜனி: ஏன் விட்டிட்டுப் போனவன்?

கோணேசன்: உனக்குத் தெரியாததோ? நீயும்தானே அங்க நிண்டனி. எங்கட சிநேகிதன் றொனிஷன்ர மகளின்ர சாமத்தியவீட்டில, அவன் தன்ர பாட்டைப் போடேக்க, முந்நூறு சனத்துக்கு முன்னால அவன்ர ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கினனான். ஆலாத்தி எடுக்கேக்க அந்த டும்டும் எனக்குத் தாங்க ஏலாமப் போச்சு. குறைச்சு வை எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. பிடுங்கினனான். ஸ்பீக்கர் ரெண்டையும் தூக்கிக்கொண்டு போனவன்தான்... எட்டு மாசம்.

றஜனி: அண்ணி என்ன சொல்றா?

கோணேசன்: தவமணியோ? 'சோறு கிடக்குது', 'பால் முடிஞ்சுது'. இவ்வளவுதான் எட்டு மாசமா என்னோட கதைச்சது.

றஜனி: ஒருக்கா அவனுக்குக் கோல் எடுத்திருக்கலாமே...

கோணேசன்: எடுத்து? 'சாப்பிட்டியோ' எண்டு கேக்கவோ? எத்தினை தரம் நம்பரை அமத்திப்போட்டு வைச்சனான். வாயில ஒண்டும் வருகுதில்லையடி. அதுதான்... நான் கதைக்காட்டியும் அவன்ர பாட்டாவது அவனிட்டப் போகட்டும் எண்டு... லிங்க்கை நீ அவனுக்கு அனுப்புவாய் எண்டு நினைச்சன்.

றஜனி: இதை முதல் நாளே சொல்லியிருந்தா நான் ஒன்பது கறியைத் தீய விட்டிருக்கமாட்டனே! விசர் மனிசன்... விசர் மனிசன்...

கோணேசன்: எடியே, அழுறியோ?

றஜனி: இல்லை. வெங்காயம்... அண்ணை, நானும் ஒண்டு சொல்லோணும். கோவிக்கக் கூடாது.

கோணேசன்: சொல்லு.

றஜனி: இந்த டிஸ்க், ஸ்கான்... ஒண்டும் எனக்குத் தெரியாது. பொறுங்கோ, பொறுங்கோ எண்டதெல்லாம்... தாரகன் ஆறு மாசமா இஞ்ச என்னோடதான் இருக்கிறான். போன் ஸ்பீக்கரில கிடக்குது. பக்கத்தில இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருக்கிறான்.

கோணேசன்: தெரியும். அண்டைக்கு மிளகாய்த்தூளோட வரேக்க உன்ர வாசலில அவன்ர சப்பாத்துக் கிடந்தது. நாப்பத்தாறாம் நம்பர், வழமைபோலக் குதியை மிதிச்சுப் பழுதாக்கி... உள்ளுக்கு வந்தா அங்கயிருந்தும் போயிடுவான் எண்ட பயத்தில பையை வைச்சிட்டுத் திரும்பினனான். இல்லாட்டி மைக்ரோவேவில மணி வைக்கத் தெரியாத உன்னட்ட நான் ஏனடி ஒன்பது தரம் கோல் எடுக்கிறன்? தம்பி தாரகன்... இப்ப சுவிச்சுக்கு மேல டேப் ஒட்டிப்போட்டன். இனி நிப்பாட்டமாட்டன்.