மருந்தை மாத்திரை ஆக்கிய மாதரசிக்கு

வெயிலுக்கும் விலகாத வீராங்கனையே! வெம்பக்கோட்டை முதல் ஏழாயிரம்பண்ணை வரை வாசல்தோறும் வலம்வந்த வாஞ்சையே! ஊசி போட்ட பிறகும் குழந்தைகள் கோபிக்காத குணக்குன்றே! முப்பத்தோராண்டு கிராம சுகாதாரச் செவிலியராய்ச் சேவையாற்றி இன்று ஓய்வு பெறும் கற்பகவல்லி அம்மையீர், வணக்கம்!

தங்கள் பெருமை முழுவதையும் இந்த வாழ்த்துமடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைக்க முடியாது. ஆகவே ஒரே ஒரு கதையை மட்டும், தங்களை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே சொல்கிறோம், பொறுத்தருள்க.

ஒரே மாத்திரை எல்லா உடம்புக்கும் ஒத்துப்போவதில்லை, யாருக்கு எது பொருந்தும் என்பதை இரத்தத்திலுள்ள மரபணுவைப் பார்த்து அறியலாம் என்று, சென்ற ஆண்டு ஓர் ஆய்வுக்குழு இங்கே முகாம் போட்டது. ‘உங்கள் இரத்தத்துக்கு ஏற்ற மருந்து’ என்று வாசலில் பேனரும் கட்டியது. ஓர் ஈ காக்கைகூட வரவில்லை. அம்மையாருக்குச் சோறு இறங்கவில்லை. மாரடைப்பில் பிழைத்த பட்டாசு ஆலைத் தொழிலாளி ஊர்க்காவலனுக்கு, மாத்திரை தின்றும் நெஞ்சுவலி நின்றபாடில்லை. அவர் இரத்தத்தையாவது பார்த்துவிட வேண்டுமென்று தவித்துத் தவித்து, கடைசியில் அம்மையாரே அவர் வீட்டுக்குப் போனார்.

“ரத்தத்தைப் பாத்து மருந்து ரூமுக்கு ஆள் பிரிக்காகளாம்லா? எங்க வீட்டுக்காரரை நான் அங்கன அனுப்ப மாட்டேன்” என்றார் மனைவி அய்யம்மாள்.

அடடா! பட்டாசுச் சீமையில் மருந்து என்றால் வெடிமருந்து, மருந்து ரூம் என்றால் உயிரைப் பணயம் வைத்து அதைக் கலக்கும் அறையல்லவா! அம்மையார் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் காலையிலேயே பேனரில் தாள் ஒட்டி, ‘மாத்திரை’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

“அது சரி, நெஞ்சுவலின்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிருமே?” என்றார் அய்யம்மாள்.

“நான் மூச்சு விட மாட்டேன் தாயி.”

அந்தச் சொல்லை நம்பி ஊர்க்காவலன் கையெழுத்துப் போட்டு இரத்தம் கொடுத்தார். தின்ற மாத்திரை அவர் உடம்பில் வேலையே செய்யவில்லை என்பது தெரிந்தது. மருத்துவர் மாற்றிக் கொடுத்தார், வலி நின்றது. பிறகென்ன, ஊரே வரிசையில் நின்றது!

அப்போதுதான் ஊர்க்காவலனின் ஆலை முதலாளி ராஜபாண்டியன் வந்தார். நம் நிலையத்துக்குக் குளிர்பெட்டி வாங்கித் தந்த புண்ணியவான். “நம்ம ஆளுகதானே நர்சம்மா, யாருக்கு என்ன சீக்குன்னு ஒரு லிஸ்ட் குடுங்க” என்றார்.

அம்மையார் எழுந்து நின்றார். “அவுகவுக உடம்பு அவுகவுகளுக்குத்தான் சொந்தம் அண்ணாச்சி. லிஸ்ட் கிடையாது.”

முதலாளி முகம் சிவந்து போய்விட்டார். அடுத்த வாரம் அவரே வந்து சட்டைக் கையை மடித்தார். “எனக்கே குடுக்காதவுக, என்னோடதை யாருக்குக் குடுக்கப் போறீக? எடுங்க!”

அதைக் கேள்விப்பட்ட ஊர்க்காவலன் துணிந்து, தன் நோயைத் தானே முதலாளியிடம் சொன்னார். வேலை போகவில்லை. இன்று முன்வரிசையில் முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவரிடமும் முதலாளியிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கித்தான் இதையெல்லாம் எழுதினோம்; இல்லையென்றால் தாங்கள் மடலையே கையில் வாங்க மாட்டீர்களே!

அண்ணாச்சி இரத்தத்தில் அப்படி என்னதான் இருந்தது என்று நேற்றும் கெஞ்சிக் கேட்டோம். “ரிட்டயர்டு ஆகுறது நான்தான், நான் குடுத்த வாக்கு இல்ல” என்றீர்கள்.

அந்த வாக்கைப் போலவே வளையாமல், வாடாமல், நோய் அண்டாமல் நூறாண்டு நிறைந்து வாழ்க!

தங்களிடம் திட்டு வாங்கியே தேர்ந்த,
ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்கள்